இருநூறு சொல்லில் ஒரு குளம்

அந்த வகுப்பறையின் ஜன்னல்களில் மொத்தம் முப்பத்தாறு கம்பிகள். மின்விசிறிகள் இரண்டு, சுழல்வது ஒன்று. சுழல்கிற அந்த ஒன்றும் இப்போது விழுகிறேன், பிறகு விழுகிறேன் என்று ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழேதான் என் பேத்தி உட்காருவாள். சென்ற வருடம் ஒரு தவணை முழுவதும், சனிக்கிழமை தோறும் காலை எட்டரை முதல் பத்தரை வரை, நான் கடைசி வாங்கில் இருந்து அந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு சனிக்கிழமைகள், இருபத்துநான்கு மணித்தியாலங்கள். விசிறி விழவில்லை. இடையில் எனக்கு எழுபது வயது பிறந்தது. ஆங்கில இலக்கியமும் சற்றுப் பிடிபட்டது.

நான் அங்கே போனது படிப்பதற்காக அல்ல, காவலுக்கு. என் மகளின் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது ஆங்கில இலக்கியம்தான் எடுப்பேன் என்று நின்றாள். பரந்தனுக்கு அருகே உள்ள அவளுடைய பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை யாரும் எடுத்ததில்லை. அவளோடு சேர்த்து ஏழு பேர்தான் கேட்டார்கள். ஏழு பேருக்காகக் கால அட்டவணையைக் கலைக்க முடியாது என்றார் அதிபர். ஆனால் புதிதாக வந்திருந்த ஆங்கில ஆசிரியை விடவில்லை. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் அவர். நாங்கள் ‘வாங்கோ’ என்பதை ‘வாங்க’ என்பார். அவர் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதிபர் இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். ஒரு தவணைக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பை நடத்திப் பார்க்கலாம். தவணைப் பரீட்சையில் ஏழு பேரும் சித்தியடைந்தால் பாடம் அட்டவணைக்கு வரும், ஒருவர் தவறினாலும் ஏழு பேரும் சித்திரத்துக்கோ சங்கீதத்துக்கோ போகவேண்டும். அது முதலாவது. விடுமுறை நாளில் வகுப்பு நடக்கும்போது பெற்றோர் தரப்பில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்பது இரண்டாவது.

பெற்றோர் எல்லோருக்கும் வயல் வேலை. முறை வைத்து வருவதாகத்தான் பேச்சு. முதல் வாரம் நான் போனேன். இரண்டாவது வாரம் வரவேண்டியவர் உழவு இயந்திரம் வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார், நான் போனேன். மூன்றாவது வாரம் யாரும் சொல்லவே இல்லை.

நானும் பேத்தியும் இரண்டு சைக்கிளில் போவோம். அவள் முன்னால், நான் பின்னால். வாகனம் வருகிறது, ஓரமாகப் போ, நாய் நிற்கிறது, மெதுவாகப் போ என்று சொல்லிக்கொண்டே போவேன். இடையில் மின்கம்பங்களை எண்ணுவேன். குளத்தின் நீர்மட்டத்தைக் காலையில் பார்த்து எழுதும் அரச வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். எண்ணாமல் இருக்க வராது. என்னை வாட்டிய விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு நாள் நாற்பத்தொரு கம்பம் வரும், இன்னொரு நாள் நாற்பத்துமூன்று வரும். கம்பம் நட்டவர்கள் யாரும் இரவோடிரவாகப் பிடுங்குவதில்லை. பிழை என் பக்கம்தான். எழுபது வயதில் அப்படியொரு பிழை வந்தால் மனம் என்னென்னவோ நினைக்கும்.

நான்காவது சனிக்கிழமை ஆசிரியை ஒரு கவிதை கொண்டுவந்தார். கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது, பதினாறு வரி. பிள்ளைகளிடம், “இந்தப் பொண்ணு என்ன நினைக்கிறாங்க?” என்று கேட்டார். ஏழு பேரும் மேசையைப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கேள்விக்கு விடை தெரியும், அது கொப்பியில் எழுதித் தரப்பட்டிருந்தால். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கையில் ஒரு பிரதி இருந்தது. ஏழு பேருக்கு எட்டுப் பிரதி எடுத்து வந்திருந்தார். வாசிக்கும்போதே கவிதையிலும் எண்ணிவிட்டேன்.

“அவா மூண்டு தரம் வாசல் கூட்டுறா, மிஸ்” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் பேத்தி மட்டும் திரும்பவில்லை, கழுத்து சிவந்திருந்தது.

“எங்க ஐயா?”

“மூண்டாம் வரியில ஒருக்கா. எட்டில ஒருக்கா. பதினாலில ஒருக்கா.”

ஆசிரியை பார்த்தார். “ஓம், மூணு தரம். ஏன் மூணு தரம்?”

அது எனக்குத் தெரியவில்லை. எண்ணுவதோடு என் வேலை முடிந்துவிடும். நீர்மட்டம் ஏன் ஏறியது என்று எழுத என் புத்தகத்தில் நிரல் இருக்கவில்லை. அப்போது என் பேத்தி மெதுவாகச் சொன்னாள்: “வாசல் ஊத்தையில்லை, மிஸ். ரோட்டைப் பாக்கத்தான் வாறா. சும்மா நிண்டா ஆக்கள் கதைப்பினம். அதுதான் விளக்குமாறு.”

ஆசிரியை கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டார். அடுத்த வாங்கிலிருந்த பிள்ளை, “அப்ப எங்கட மாமியும் அப்பிடித்தான், மிஸ். மாமா கட்டாரிலயிருந்து வாற மாதம் முழுக்க வாசல் படலையைக் கழுவினவா” என்றாள். பிறகு அந்த அறையில் யார் முதலில் பேசுவது என்பதே சண்டையாகிவிட்டது. இரண்டு மணித்தியாலத்தில் பதினாறு வரியைக் கடக்க முடியவில்லை. விசிறியைப் பார்க்க நான் மறந்துபோனேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை எப்போது வரும் என்று நாளை எண்ணத் தொடங்கினேன். எட்டுப் பிரதி வருவதும் வழக்கமாகிவிட்டது.

கவிதையில் பேத்தியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கட்டுரையில்தான். பரீட்சையில் இருநூறு சொல்லில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். அவள் நாற்பது சொல் எழுதி முப்பதை வெட்டுவாள். மேசையில் தலை வைத்து யோசிப்பாள். நேரம் போய்விடும். ஒருவர் தவறினாலும் வகுப்பு இல்லை என்று அதிபர் சொன்னது என் காதில் நின்றது. அந்த ஒருவர் இவளாக இருந்துவிட்டால் என்று நினைத்து இரவில் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

எங்கள் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. இந்தக் காலத்திலும் தனியார் வகுப்புகளில் அதே வழிதான். ஒரு நல்ல கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போகவேண்டும். என்ன தலைப்பு வந்தாலும் முதல் வசனத்தை மட்டும் அதற்கேற்ப மாற்றிவிட்டு, மிச்சத்தை அப்படியே இறக்கிவிடவேண்டும். அப்படி ஒரு கட்டுரையை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று நாள் எடுத்தது. பெருமழையில் குளம் நிறைந்து வான் பாய்ந்த ஒரு நாளைப் பற்றி: மேலதிகத் தண்ணீர் அணைக்கட்டின் ஓரத்தால் வெள்ளை வெளேரென்று விழுந்தது, சனம் திருவிழாபோலக் கூடியது, பிள்ளைகள் மீன் பிடித்தது, மூட்டுவலியோடு நான் கட்டில் ஏறியது. எண்ணிப் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது சொல் சேர்த்தேன். சரியாக இருநூறு.

பேத்தி அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“நல்லாயிருக்கு, அம்மப்பா. ஆனா நான் இதை எழுதேலாது.”

“ஏன் பிள்ளை?”

“எனக்கு மூட்டுவலி இல்லை.”

“அதை மாத்தி எழுதன்.”

“மாத்தினா இருநூறு வராதே” என்று சொல்லிவிட்டு அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். வைத்ததை அவளுக்கு அருகில் இருப்பவள் கண்டிருக்கிறாள். வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

பரீட்சை பதினோராவது சனிக்கிழமை நடந்தது. பன்னிரண்டாவது சனிக்கிழமை நாங்கள் போனபோது அதிபர் வந்திருந்தார். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆசிரியை சுவரோரமாக நின்றார். மேசையில் ஏழு விடைத்தாள்கள்.

“ஐயா, அந்தக் கதிரையில இருங்கோ. ஒருக்கா இதைக் கேளுங்கோ” என்று அதிபர் ஒரு தாளை எடுத்தார். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னார். “‘எனக்குப் பிடித்த இடம் குளக்கட்டு. என் முப்பத்தொரு வருடச் சேவையில் இப்படியொரு மழையை நான் கண்டதில்லை.’ இது எழுதினவருக்குப் பதினைஞ்சு வயசு.”

“பிறக்கிறதுக்குப் பதினாறு வருஷத்துக்கு முதலே வேலையில சேர்ந்திருக்கிறார்” என்று என் வாய் என்னைக் கேட்காமலே கணக்கைச் சொல்லிவிட்டது.

அதிபர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது தாளை எடுத்தார். “‘என் மனைவி குடையும் பிளேன்டீயும் கொண்டுவந்தாள்.’ இது ஒரு பொம்பிளைப் பிள்ளை.” மூன்றாவது. “‘மூட்டுவலியையும் பாராமல் நான் அணைக்கட்டில் ஏறினேன்.’ ஆறு பேருக்கும் மூட்டுவலி, ஐயா. ஆறு பேருக்கும் இடது முழங்கால்.”

என் கை தானாகவே என் இடது முழங்காலைத் தடவியது. “நான்தான் எழுதினனான்” என்றேன்.

“தெரியும். இந்த ஊரில இருநூறு எண்டால் இருநூறிலேயே நிப்பாட்டுற ஆள் வேற ஆர்?” அதிபரின் மீசை ஒருமுறை அசைந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. “உங்கட பேத்தி மட்டும் தன்ர கட்டுரையை எழுதியிருக்கிறா. மற்ற ஆறுக்கும் நான் என்ன புள்ளி போடுறது? உங்களுக்கோ போடுறது? பாடத்தை நிப்பாட்டத்தான் வேணும்.”

அவள் சரியாகச் செய்திருந்தாள். அவளுடைய வகுப்பை நான் கெடுத்துவிட்டேன். ஒருவர் தவறுவாரோ என்று பயந்து ஆறு பேரைத் தவறவைத்தவன் நான்.

ஆசிரியைதான் பேசினார். “சேர், இந்தப் பேப்பரை மறைக்காம உங்ககிட்டக் கொண்டுவந்தது நான்தானே. அதுக்காக ஒண்ணு கேக்கிறன். இப்ப ஒரு மணித்தியாலம் குடுங்க. தலைப்பை நீங்களே சொல்லுங்க. உங்க முன்னாலயே எழுதட்டும், ஏழு பேரும்.”

அதிபர் ஜன்னலால் வெளியே பார்த்தார். மரநிழலில் ஏழு சைக்கிள்களும் என்னுடையதும் நின்றன. “இண்டைக்குக் காலமை பள்ளிக்கூடத்துக்கு வந்த வழி” என்றார். “இதை ஒருத்தரும் பாடமாக்கியிருக்கேலாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்கள் மரத்துக்குக் கீழ இருங்கோ. சட்டைப் பையில இருக்கிற பேனையை இங்க வைச்சிட்டுப் போங்கோ.”

வைத்துவிட்டுப் போனேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் மரத்திலிருந்து இருபத்தெட்டு இலை விழுந்தது. வகுப்பறைக்குள் யாரோ இரண்டு தரம் இருமினார்கள், ஒரு தரம் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள், எழுதாமல் என்ன சிரிப்பு என்று எழுந்தேன். பள்ளிக்கூடக் காவலாளி, “இருங்கோ ஐயா, சேர் உங்களை விடவேண்டாமெண்டவர்” என்றார். இருந்தேன்.

முடிந்ததும் அதிபர் தாள்களோடு வந்து என் அருகிலேயே உட்கார்ந்து வாசித்தார். முதலாவது தாளிலேயே சத்தமாகச் சிரித்தார். சைக்கிள் சங்கிலி வழியில் இரண்டு தரம் கழன்றதையும், கையை வெள்ளைக் காற்சட்டையில் துடைத்ததையும் ஒரு மாணவன் எழுதியிருந்தான். ‘இதை அம்மா வாசிக்கமாட்டார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று முடித்திருந்தான். கடலோரத்து நாயாற்றிலிருந்து வந்து இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, சந்தியிலுள்ள கருவாட்டுக் கடைக்கு முன்னால் தினமும் நின்று நன்றாக மூச்சு இழுப்பதாகவும், தான் ஒருநாள் வாங்கக்கூடும் என்று கடைக்காரர் இன்னும் நம்புவதாகவும் எழுதியிருந்தாள். ஒரு தாளில் அறுபது சொல்கூட இல்லை. அதிபர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“பிழை கனக்க இருக்கு” என்றார். “ஆனா ஏழும் ஏழு பேற்ற வழி. ஒருத்தருக்கும் மூட்டுவலி இல்லை. சரி, மிஸ், செவ்வாயும் வியாழனும் மூண்டாம் பாடம். அட்டவணையில போடுறன்.”

வகுப்பறை ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த ஏழு முகங்களும் கத்திய சத்தத்தில் மரத்திலிருந்து காகங்கள் கிளம்பின. எத்தனை என்று நான் பார்க்கவில்லை. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“இதை நீங்களும் வாசியுங்கோ” என்று அதிபர் கடைசித் தாளை என்னிடம் தந்தார். பேத்தியின் கையெழுத்து.

அவள் எழுதியிருந்தது இதுதான். அவளுக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளில் வருகிறார். வாகனம், நாய், பள்ளம் எல்லாவற்றுக்கும் பயந்தவர். அவருக்காக அல்ல, அவளுக்காக. பயத்தை மறக்க மின்கம்பங்களைச் சத்தமாக எண்ணுகிறார். இருபது வரும்போது அவள் திரும்பி ஒரு கேள்வி கேட்பாள். வேண்டுமென்றேதான். பதில் சொல்லும்போது அவர் எண்ணிக்கையை விட்டுவிடுவார். அந்தப் பதில் முடியும்வரை அவருக்குப் பயமே இருக்காது.

நாற்பத்தொன்று. நாற்பத்துமூன்று. நான் இரண்டு தரம் வாசித்தேன். சொற்களை எண்ண மறந்துவிட்டேன்.

திரும்பும்போது அவள் முன்னால், நான் பின்னால். பள்ளிக்கூட வாசலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது வந்தது. இருபது வந்தது. அவள் திரும்பவில்லை. இருபத்தொன்றும் போனது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“எங்க பிள்ளை, இண்டைக்குக் கேள்வி இல்லையோ?”

அவள் சைக்கிளை மெதுவாக்கி எனக்குப் பக்கத்தில் வந்தாள். பக்கத்தில் வரவேண்டாம், பின்னால் வாகனம் வரும் என்று நான் சொல்லவில்லை.

“அம்மப்பா, அண்டைக்கு வான் பாயேக்க அம்மம்மா உண்மையா குடை கொண்டு வந்தவாவோ?”

“குடை கொண்டுவந்தவா. பிளேன்டீ நான் சேர்த்தது.”

“ஏன்?”

“இருநூறுக்கு வரவேணுமே.”

அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் வளைந்து வளைந்து போனது. அதன் பிறகு மழையைப் பற்றியும், குடையைப் பற்றியும், அன்று உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டுப் படலை வந்தபோதுதான் எண்ணாமல் வந்தது தெரிந்தது. எத்தனை கம்பங்கள் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.