சேர்ந்த நாளுக்கு வாங்கிய அல்வா

பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கடையில் வாயால் சொல்ல முடியாமல் போனதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மேலப்பாளையத்தில் குழாயும் பெயின்ட்டும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கொஞ்ச நாளாகவே வேலை கசந்துபோயிருந்தது. அளவு தெரியாமல் குழாய் வாங்கிப் போய், அறுத்த பிறகு மாற்றித் தரச் சொல்லி மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. வீட்டில் புலம்பினேன். சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "எங்க ஆபீஸ்ல சேந்த நாள் வந்தா கேக் வெட்டுவாங்கப்பா. நாலு பேரு கைகொடுத்தா வேலை மேல மறுபடி ஒரு பிரியம் வரும். நீங்களும் கொண்டாடுங்க."

எனக்கும் ஆசை வந்தது. இருபது வருடத்தில், நான் இருப்பதால் கடைக்கு நல்லது என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒருமுறை காதால் கேட்டுவிட்டால் மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. சேர்ந்த நாளன்று ஜங்ஷனில் இறங்கி, சுடச்சுட ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் கடையில் அல்வா வந்தால் ஒரே அர்த்தம்தான். வளைகுடாவுக்குப் போகிறவன் கடைசி நாளில் கொடுப்பது. எத்தனையோ பேர் கொடுத்து நானே தின்றிருக்கிறேன். அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும் பெயின்ட் கலக்குபவர் கேட்டார்: "அண்ணாச்சி, சவுதியா, கத்தாரா?"

"எங்கயும் இல்ல. சேந்து இருவது வருசம் ஆவுது, அதான்."

"இருவது வருசம் கழிச்சு எந்த ஊருன்னுதானே கேக்கேன்! இந்த வயசுல உமக்கு எவன் விசா குடுத்தான்வே?"

எல்லோரும் சிரித்துக் கைகொடுத்தார்கள். "நீரு இல்லாம கடை எப்படி ஓடப்போவுதோ" என்றுகூட ஒருவர் சொன்னார். கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான். போகிறவனுக்குச் சொன்னதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

முதலாளி அல்வாவைக் கையில் வாங்கியதும் முகம் வாடினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சரி, போற எடத்துல அல்லா பரக்கத் செய்யட்டும்."

"முதலாளி, நான் போகல..."

"கூச்சப்படாதேயும்வே. பொம்பளப்புள்ள வச்சிருக்கவரு போகத்தானே செய்யணும்."

அதற்குள் சரக்கு வண்டி வந்துவிட்டது. சாயங்காலம் அவர் மைத்துனரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது: "குழாய்ப் பக்கம் ஒரு ஆள் வேணும் மச்சான். உடனே அனுப்பு."

இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, ஷட்டரை இறக்கச் சொன்னார். இறக்கினேன். வீடு வரும்வரை பஸ்ஸில் என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போனேன். "விசா கேன்சலா?" என்றார் முதலாளி. "ஆமா" என்றேன். மைத்துனருக்குப் போன் போட்டு, ஆள் வேண்டாம் என்று சொன்னார். முதல் ஆளாக, அறுத்த குழாயை மாற்ற ஒருவர் வந்தார்.