ஸ்டியரிங்கில இருந்து ஒரு விரல்

இண்டைக்குப் பலெர்மோவில, லிபெர்த்தா தெருவில நான் வேலை செய்யிற வீட்டுக்கு, சிஞ்ஞோராவின்ர, அதுதான் வீட்டுக்கார அம்மாவின்ர, மகளின்ர மாமனார் அமெரிக்காவில இருந்து வந்தார். அங்கை ஒரு சின்ன ஊரில மாட்டுப் பண்ணை வைச்சிருக்கிறார்.

கோப்பி குடுக்கேக்கை, எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில, "உங்கட ஊரில பாக்க என்ன இருக்கு?" எண்டு கேட்டன்.

"மாடுதான். கோடையில காளை மேல ஏறி விழுற ஒரு விழா. பிறகு, எதிரில ஆர் கார் ஓட்டிக்கொண்டு வந்தாலும் ஸ்டியரிங்கில இருந்து ஒரு விரலை உயர்த்துவம்."

"தெரியாத ஆக்களுக்குமோ?"

"தெரியாதவைக்குத்தான் விரல். தெரிஞ்சவை எண்டால் நடுரோட்டிலயே காரை நிப்பாட்டிக் கதைப்பம்."

பின்னேரம் நான் பஸ்ஸுக்கு நிக்கேக்கை, சிஞ்ஞோரா அவரைக் காரில ஏத்திக்கொண்டு கால்சாப் பக்கம் போனா. இவ்வளவு வருசமா அந்தக் கார் என்னைத் தாண்டித்தான் போகுது. ஒருநாளும் அவவின்ர தலை திரும்பினதில்லை.

இண்டைக்கு மனுசன் என்னைக் கண்டு ஒரு விரலை உயர்த்தினார்.

அதைப் பாத்து சிஞ்ஞோராவும் ஸ்டியரிங்கில இருந்து ஒரு விரலை உயர்த்தினா!

வீடு வரும்வரைக்கும் தனியச் சிரிச்சுக்கொண்டு வந்தன். கடவுள் அந்த மனுசனுக்கும் மாடுகளுக்கும் ஒரு குறையும் வைக்கக்கூடாது.

நாளைக்குப் பஸ் டிரைவருக்கும் உயர்த்திப் பாக்கப்போறன். பலெர்மோவில எந்த விரலை உயர்த்தினால் அடி விழாது எண்டு உங்களில தெரிஞ்சவை, விடியமுதல் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கோ.