வேண்டாம் ரம்மி

சீட்டில் என்னை ஜெயித்த ஆள் குற்றாலத்தில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். சீசனுக்கு என் லாட்ஜில் வந்து தங்குகிற வக்கீல்களும் டாக்டர்களும், சாரல் விடாமல் பிடித்துக்கொண்டால் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். ஒரு கை குறைந்தால் கீழே ஆள் அனுப்புவார்கள். அறுபது வயசுப் பொம்பளைதானே என்று சிரித்துக்கொண்டு சீட்டைப் போடுவார்கள். மூன்றாவது ஆட்டத்தில் சிரிப்பு நின்றுவிடும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஐந்தருவிப் பாதையில் இருக்கிற இரண்டு லாட்ஜையும் செங்கோட்டைச் சாப்பாட்டுக் கடையையும் யாரும் எனக்குச் சீதனமாகக் கொடுக்கவில்லை.

நான் பெரியவர்களை முதன்முதலாக ஜெயித்தது ஒன்பது வயதில். ஒரே ஆட்டத்தில் இரண்டு ஆம்பிளைகள். ஒருவர் பட்டாளம், இன்னொருவர் போலீஸ்.

பட்டாளத்துக்காரர் என் சித்தப்பா. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த காலத்தில் ஒரு மாச லீவில் வந்தார். தகரப் பெட்டிக்குள் காக்கிச் சட்டை இரண்டு, முனை தேய்ந்த சீட்டுக்கட்டு இரண்டு. லீவு முடிந்தது. அவர் போகவில்லை. சித்திக்கு ஆறாம் மாசம். நாளைக்குப் போறேன், திங்கட்கிழமை போறேன் என்று பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. லீவு முடிந்தும் வீட்டில் இருக்கிற பட்டாளத்துக்காரனுக்கு என்ன பேர், பிடித்தால் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மழைக்குப் பள்ளிக்கூடத்தில் லீவை நீட்டுகிற மாதிரி சாரலுக்குப் பட்டாளத்திலும் நீட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாளும் சித்தப்பா வெளியே தலைகாட்டவில்லை. வீட்டுக்குள் சீட்டுதான். அவரும் சித்தியும் ஆடுவார்கள், மூன்றாவது கை நான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாலு ஆட்டம் பார்த்தேன், பிடித்துக்கொண்டேன். சாரல் காற்றுக்குச் சீட்டெல்லாம் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டும். சித்தியின் முகப்பவுடரைத் தூவித் துடைப்பார். எங்கள் வீட்டு ராஜாவும் ராணியும் எப்போதும் பவுடர் வாசத்தோடுதான் இருப்பார்கள்.

அந்த ஆட்டத்துக்குப் பட்டாளத்தில் 'வேண்டாம் ரம்மி' என்று பேராம். லாட்ஜுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். இரண்டு கட்டையும் கலந்து ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. மீதிக் கட்டு நடுவில் கவிழ்ந்து கிடக்கும். அதிலிருந்து ஒரு சீட்டை உருவி, யாரும் பார்க்காமல் பக்கத்தில் கவிழ்த்து, மேலே பாக்குவெட்டியை வைத்துவிட வேண்டும். அதுதான் ஜோக்கர். அது என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே இனத்தில் மூன்று சீட்டு வரிசையாக, மூணு நாலு அஞ்சு ஆர்ட்டின் என்கிற மாதிரி, சேர்ந்தவர் அந்த ரம்மியைப் பாயில் விரித்துக் காட்டிவிட்டு அந்த ஜோக்கரைத் தான் மட்டும் பார்க்கலாம். பார்த்துவிட்டு வாயைத் திறக்கக் கூடாது. அந்த எண் போட்ட சீட்டெல்லாம் அவருக்கு அதற்குப் பிறகு ஜோக்கர். எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் வைத்துக்கொள்ளலாம். பார்க்காதவருக்கு அது சும்மா ஒரு சீட்டு. விவரம் தெரியாமல் கீழே போட்டுவிடுவார். அவர் எப்போது போடுவார் என்று காத்துக் கிடப்பதுதான் பாதி ஆட்டம். பார்த்தவர் மட்டும் உயிரே போனாலும் ஜோக்கரைப் போட மாட்டார்.

'வேண்டாம்' எங்கே வருகிறது என்றால், ஒருவர் போட்ட சீட்டுக்கு அடுத்த கை வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். வேணும் என்றால் எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போடலாம். வேண்டாம் என்று சொன்னால், அதற்கும் அடுத்த கை அதை எடுத்துக்கொண்டு தனக்கு ஆகாத ஒன்றைக் கட்டுக்கு அடியில் செருகிவிடலாம். பதின்மூன்றும் மூன்று மூன்றாக, நாலு நாலாகச் சேர்ந்துவிட்டால், மிச்சச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு 'டிக்' என்று சொல்ல வேண்டியது. ஆட்டம் முடிந்தது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் ஏட்டு மாமா வந்தார். என் அத்தையின் வீட்டுக்காரர், சித்தப்பாவுக்கு அக்கா புருஷன். தென்காசியில் போலீஸ் ஏட்டு. அப்பாவும் அம்மாவும் சீசன் பங்களா ஒன்றில் சமையல் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமா நனைந்த தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். சோறு வைக்கட்டுமா அண்ணாச்சி என்று சித்தி கேட்டதற்கு, "பொறு தாயி" என்றார், அவள் பக்கம் திரும்பாமல்.

"காயிதம் வந்திருக்கு மாப்ளே. ஒன் பேரு போட்டு."

"தெரியும் அத்தான்."

"தெரியும்ங்கான் பாரு. இன்னைக்கு நான் வந்துட்டேன். நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். அவன் ஒனக்கு அத்தான் இல்லை."

சித்தப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். மாமா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போடுலே ஒரு ஆட்டம். நீ ஜெயிச்சா, வந்து பாத்தேன், ஆளு இல்லைன்னு எழுதிட்டுப் போயிருதேன். நீ பொழுதடையுததுக்குள்ள செங்கோட்டைக்குப் போயிரு. நான் ஜெயிச்சா சட்டையை மாட்டிட்டு என்கூட வா. தானா வந்து நின்னான்னு எழுதுதேன்."

செங்கோட்டை அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. நடந்தால் இரண்டு மணி நேரம். ஆனால் ஏட்டு மாமாவின் தொப்பிக்கு அங்கே மதிப்புக் கிடையாது. அங்கிருந்து கொல்லத்துக்கு ரயில் உண்டு. கொல்லத்தில் ஒரு மரக்கடையில் சித்தப்பாவின் கூட்டாளி ஒருத்தர் இருந்தார்.

"ரெண்டு கையா ஆடுனா ஆட்டம் வெளிச்சமாப் போயிரும் அத்தான். மூணாவது கை வேணும்" என்றார் சித்தப்பா. சித்தி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

"புள்ள ஜெயிச்சுட்டா?" என்று சித்தப்பா கேட்டார்.

"அவ சொல்லுததைக் கேப்போம்" என்று மாமா சிரித்தார்.

மாமா போடுகிற சீட்டு முதலில் எனக்கு. நான் வேண்டாம் என்றால் சித்தப்பாவுக்கு. அப்படி உட்கார்ந்திருந்தோம்.

முதலில் ரம்மி சேர்ந்து ஜோக்கரைப் பார்த்தவர் சித்தப்பா. அடுத்தது மாமா, மீசையை ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். மூன்றாவது நான். பாக்குவெட்டிக்கு அடியில் இருந்தது ஏழு. மூன்று பேரும் பார்த்தாகிவிட்டது. இனிமேல் எவர் கையிலிருந்தும் ஏழு இறங்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மாமா டைமன் ஏழைப் போட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்து, "வேணும்" என்று அள்ளிக்கொண்டேன். இரண்டு சுற்றுக் கழித்துக் கிளாவர் ஏழைப் போட்டார். "வேணும்!"

"ஏட்டி, போடுததெல்லாம் ஒனக்கு வேணுமா? ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா வாய் சுட்டுருமா?"

"நீங்க போடுததெல்லாம் நல்ல சீட்டால்லா இருக்கு மாமா."

சித்தப்பா கையில் இருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சித்தி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, இங்கன வந்து இந்தத் தேங்காயைத் துருவிக் குடு."

"ஆட்டத்துல இருக்கேன் சித்தி."

"வந்துட்டுப் போட்டி. ஒன் கையை நான் ஆடுதேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். ஜெயிக்கிற கை என்று தெரிந்துதான் கேட்கிறாள் என்று தோன்றியது. சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "நடுவுல கை மாத்தக் கூடாது. அப்பமே ஒங்களைக் கூப்பிட்டாங்கல்லா?"

சித்தி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். மாமா தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இஸ்பேடு ஏழை எடுத்து, எனக்கு எட்டாமல் சித்தப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பாயில் எங்கே வைத்தால் என்ன, முறை என்னுடையது. எட்டி எடுத்தேன்.

"வேணும். டிக்."

சீட்டை எல்லாரும் விரித்தோம். சித்தப்பாவுக்கு ஒரே ஒரு சீட்டுதான் குறைவு. ஏதாவது ஒரு ஏழு வந்திருந்தால் முடித்திருப்பார். மாமாவுக்கு அந்த முதல் ரம்மியைத் தவிர வேறு ஒன்றும் சேரவில்லை. அவ்வளவு மோசமாக ஆடுகிறவரை அதற்குப் பிறகு இந்த ஊரில் நான் பார்த்ததில்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"என்னட்டி வேணும், சொல்லு" என்று சித்தப்பா கேட்டார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நீங்க காக்கிச் சட்டை போடணும் சித்தப்பா. மூணு பேரும் ஜட்கா வண்டியில தென்காசி போகணும். போற வழியில எல்லாரும் பாக்கணும்."

சித்தி உள்ளே போய்விட்டாள். மாமா அவசர அவசரமாகச் சீட்டைக் கூட்டினார். "சின்னப்புள்ள ஆடுனதெல்லாம் ஒரு ஆட்டமா? இன்னொண்ணு போடுலே."

"வேண்டாம் அத்தான்" என்றார் சித்தப்பா. எழுந்து தகரப் பெட்டியைத் திறந்தார். "எத்தனை நாளைக்கு? புள்ள முறையா ஜெயிச்சிருக்கா."

சித்தப்பா திரும்பி வரவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரைக்கும் பொத்தி வைத்துச் சொல்கிற வித்தை எனக்கு வராது. அவர் கைப்பட மூன்று காயிதம் வந்தது. நாலாவதாக வந்தது சர்க்கார் காயிதம். சித்தியின் மகனைப் படிக்க வைத்ததும், அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான். ஊரில் கேட்டால் சொல்வார்கள். சித்தி கடைசிவரை என் லாட்ஜில்தான் இருந்தாள். நான் சீட்டைக் கையில் எடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அன்றைக்கு ஜட்கா வண்டி கிடைத்தது. நான் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சித்தப்பா சட்டையும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு பின்னால் இருந்தார். அருவிக்குக் குளிக்க வந்த கூட்டம் விலகி நின்று வண்டியைப் பார்த்தது. அந்த மரியாதையெல்லாம் நான் ஜெயித்துக் கொண்டுவந்தது என்கிற நினைப்பு எனக்கு.

இலஞ்சி விலக்கில் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். செங்கோட்டைக்கு ரோடு பிரிகிற இடம். "இறங்கும் ஓய், காப்பி குடிச்சிட்டு வருவோம்" என்று வண்டிக்காரரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். எதிரிலேயே ஒரு காப்பிக்கடை இருந்தது. அதைத் தாண்டி, தூரத்தில் இருந்த இன்னொரு கடைக்குப் போனார்கள். திரும்பிப் பார்க்கவேயில்லை.

சித்தப்பா கீழே இறங்கினார். பிரிகிற ரோட்டைப் பார்த்தார். அதில் ஒரு மாட்டு வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, கொஞ்ச நேரம் தனியா இருப்பியா?"

"மாட்டேன். குதிரை மிரண்டு ஓடிட்டா?"

குதிரை காதை விடைத்துக்கொண்டுதான் நின்றது. சித்தப்பா அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கி வந்து அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை என் விரல்களை மெதுவாகப் பிரித்துப் பார்த்தார். நான் இன்னும் இறுக்கினேன். அதற்கப்புறம் விட்டுவிட்டார்.

ஒரு காப்பிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. மாமா வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். எங்களைக் கண்டதும் ரோட்டின் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"இன்னும் இங்கனதான் நிக்கியாலே?"

முந்திக்கொண்டு நான் சொன்னேன்.

"நான்தான் மாமா விடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தென்காசி வருகிறவரைக்கும் அவர் சொல்லவில்லை.