எர்த் குழிக்குத் தண்ணீர்

காலை ஐந்தே முக்கால் மணிக்கு நான் முதலில் பார்த்தது, சுவரில் தெறித்து வழிந்த இட்லி மாவையும், கரண்டு அடித்துக் கிரைண்டரிலிருந்து உதறி இழுத்த கையை மறுகையால் பிடித்தபடி நின்ற அம்மாவையும்தான். திருநெல்வேலி டவுணில், ஐந்து குடித்தனங்கள் ஒரே முற்றத்தைப் பங்கிட்டுக்கொண்ட ‘வளவு’ அது. கடைகளுக்கு மாவு அரைத்துக் கொடுத்துத்தான் அம்மா எங்களைக் காப்பாற்றினாள்.

அந்தக் கோடையில் ஐந்து வீட்டுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி சுவருக்குள் அறுந்துபோக, வீட்டுக்காரர் சுவரை உடைக்க மனமில்லாமல் ஒரு ஒயர்மேனை அழைத்துவந்தார். ஒயர்மேன் அதை எல்லோருக்கும் பொதுவான எர்த் கம்பியோடு முடிச்சுப் போட்டு, “ரெண்டும் ஒண்ணுதாம்க்கா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். விளக்கு எரிந்தது.

வேலை முடித்த கரண்டு திரும்பிப் போகும் வழி நியூட்ரல். எந்திரத்தின் உடம்பில் கரண்டு கசிந்தால் மட்டும் அதை மண்ணுக்கு அனுப்புவதற்கு எர்த். இப்போதோ ஐந்து வீட்டுக் கரண்டும் காய்ந்த மண்ணில் இறங்க முடியாமல், அதே எர்த் கம்பி வழியே அம்மாவின் கிரைண்டரில் ஏறி நின்றது. அவள் சுவிட்சை அணைத்தாலும் அடித்தது. விளக்கு மங்கினால் யாராவது முற்றத்தில் அந்தக் கம்பி புதைந்திருந்த எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள், வெளிச்சம் கூடும். “எர்த்துக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்பது மாலைநேர விசாரிப்பாகவே ஆகிவிட்டது.

அம்மா வீட்டுக்காரரிடம் போனாள்.

“செருப்ப மாட்டிக்கிட்டு ஆட்டு தாயி.”

“அடுப்படில செருப்பா? உங்க வீட்ல அப்படித்தான் நிக்காவளா அண்ணாச்சி?”

திரும்பி வந்தவள், பொது மீட்டர் பெட்டியின் ‘பீஸ் கட்டை’யை, அதாவது ஃபியூஸை, பிடுங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். ஐந்து வீடும் அணைந்தது.

“ஏட்டி, ஃபேன் இல்லாம எம்பிள்ள எப்படித் தூங்கும்?” என்று அடுத்த வீட்டு அக்கா சண்டைக்கு வந்தாள்.

“நான் செத்தா எம்பிள்ளைக எப்படித் தூங்கும்க்கா?”

வீட்டுக்காரரே வந்தார். “கட்டையக் குடுத்திரு. இல்லன்னா மாசக் கடைசில காலி பண்ணு.”

“காலி பண்ணுதேன். மொதல்ல சொவர ஒடைங்க, பொறவு தாரேன்.”

மறுநாள் சுவரை உடைத்துப் புது நியூட்ரல் கம்பி இழுத்தார்கள், அம்மா கட்டையைக் கொடுத்தாள். மாசக் கடைசியில் நாங்கள் வெளியேறினோம். அம்மாவுக்குத் திமிர் என்று சொல்லும் உறவினர்கள் இன்றும் உண்டு, சொல்லட்டும்.

வளவு இப்போது இல்லை. துணிக்கடைக்கு வருகிறவர்கள் அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். இடிக்கும்வரை மற்ற நான்கு குடும்பங்களும் அந்தப் புது நியூட்ரல் கம்பியில்தான் விளக்கு எரித்தன.