கபுரின் மேல் கவுதாரி

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பராஅத் இரவில் இறந்தவர்களுக்காக துஆ கேட்க எங்கள் மையவாடிக்கு வருகிறவர்கள், இருட்டில்தான் தங்கள் வீட்டாரைப் புதைத்த கபுர்களைத் தேட வேண்டும். முந்தின வாரம்தான் அங்கே ஒருவரைப் பாம்பு கடித்திருந்தது. அதனால் பராஅத் அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் ஒரு புல் மிஞ்சக்கூடாது என்று பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி என் மாமுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே புல் அறுப்பது மாமுவின் வேலை. கஞ்சி கொண்டுபோன எனக்கு எட்டு வயது, வாய்க்கு எண்பது.

கவுதாரியை முதலில் பார்த்தது நான்தான். ஒரு பழைய கபுரின் மேல், முழங்கால் உயரப் புல்லுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தது. அரிவாள் ஒரு சாண் தூரத்துக்கு வந்தும் எழவில்லை. நான் மாமுவின் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

“விடு புள்ள, நேரமாகுது.”

“மாட்டேன். புல்லு போச்சுன்னா காக்கா முட்டையக் கொத்திரும்.”

அதற்குள் முத்தவல்லியே வந்துவிட்டார். “இம்புட்டுப் புல்லு இன்னும் நிக்குதே?”

மாமு மெதுவாக, “கவுதாரி அடை கெடக்குதுங்க. குஞ்சு பொரிக்கிற மட்டும் இந்த ஒண்ணை விட்ருவோம்” என்றார்.

முத்தவல்லி குனிந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. “ஏற்கனவே உனக்காக ஒண்ணு விட்டிருக்கோம். அதுக்கே நான் பதில் சொல்லி மாளல. ரெண்டுல ஒண்ணுதான். நீயே சொல்லு.”

அந்த இன்னொன்று, வேப்பமரத்தடியில் இருந்த மாமியின் கபுர். பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவர். அதில் மட்டும் மாமு அரிவாள் வைத்ததே இல்லை, தண்ணீர்கூட ஊற்றுவார். இப்போது அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

“அதை அறுத்துருங்க மாமு. அங்கதான் முட்டை இல்லையே.”

அவர் என்னைத் திட்டவில்லை. போய் உட்கார்ந்து, கைப்பிடி கைப்பிடியாக, மண் தெரிய அறுத்தார். நான் அதைப் பாவாடையில் அள்ளிக்கொண்டேன். கஞ்சியை அவர் தொடவே இல்லை. வீணாக்குகிறாரே என்று அதற்கும் சண்டை பிடித்தேன்.

பச்சையாக நிற்கும்வரை புல் மண்ணுக்குள் இருப்பவருக்காக இறைவனைத் துதிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அது எனக்கு அப்போது தெரியாது. முட்டை பிழைத்த சந்தோஷத்தில், மாமியின் புல்லை வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டு, அது தின்று முடிக்கும்வரை நின்று வேடிக்கை பார்த்தேன்.