குளியலறைக்குள் ஒரு வேட்டைக்காரர்

யுத்த காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தை பிளாட்டில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். அத்தான் உயிரியல் ரியூஷன் மாஸ்டர். சோற்றில் கை வைத்தாலே பிரசங்கம் தொடங்கிவிடும். "ஆதியில ஆம்பிளை வேட்டைக்குப் போனவன், பொம்பிளை குகைக்குள்ள இருந்தவள். அதாலதான் அவனுக்குத் துணிவு, அவளுக்குப் பயம். எல்லாம் ரத்தத்தில ஊறினது."

அவர் சப்பிய மீனை வாங்கி வந்தது நான். தமிழ் ஆண்களைத் தெருவில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதால் சந்தைக்கும் பொலிஸ் பதிவுக்கும் அக்காவும் நானும்தான் அலைந்தோம். எங்கள் துணிவு ரத்தத்தில் ஊறியதில்லை. தெருவில் நின்று பழகியது. அவர் வெளியே போகாததில் எனக்குக் கோபமில்லை. அந்த வாயைத்தான் சகிக்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் ஆமி சோதனைக்கு வந்து கதவைத் தட்டியது. வேட்டைக்காரர் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். நான் கதவைத் திறந்து, மீன்கடையில் பழகிய சிங்களத்தில் கதைத்து அவர்களை அனுப்பிவைத்தேன்.

அத்தான் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். "பாத்தியே, பொய் சொல்லிச் சமாளிக்கிறது பொம்பிளையளின்ர பிறவிக்குணம்."

"நான் பொய் சொல்லேல்லை அத்தான்," என்றேன். "வீட்டில ஆம்பிளை இல்லை எண்டுதான் சொன்னனான்."