பல்லியின் மூன்றாவது கியர்

அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது மெக்கானிக்கின் வேலை. காலமெல்லாம் கார் சீட் தைத்ததில் அவர் மனைவிக்கு மணிக்கட்டு போய்விட்டது. மிக்சி மூடியைத் திறக்கவே ஆள் வேண்டும். அவரோ ஒரு டம்ளரை மூன்று தரம் திருப்பிப் பார்த்துத்தான் கவிழ்ப்பார்.

"அது டம்ளருங்க, ரேஸுக்கா போகுது," என்பாள் அவள்.

அன்று காலை அவர் பாதி தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய பட்டறை முதலாளி வந்து நின்றார். பல்லி கிடைத்துவிட்டதாம். யாருடைய கிடங்கிலோ தூசியோடு கிடந்ததாம்.

"மறுபடி ஓட்டப்போறோம்பா. கியர்பாக்ஸ் நீதான் பூட்டணும்."

"நான் பூட்டி விளங்குனது போதும். வேற ஆளப் பாருங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லு," என்று முதலாளி போய்விட்டார்.

பல்லி, இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் பதினோரு பேர் சேர்ந்து கட்டிய பந்தயக் கார். இரவும் பகலுமாக இருபத்துநாலு மணி நேரம் ஓடும் பந்தயத்துக்கென்று ஒன்றே ஒன்று செய்தார்கள். தரையோடு தரையாகக் கிடந்ததால் அந்தப் பெயர். அப்போது இவர்களுக்குக் கல்யாணமான புதிது. அவர் காருக்கு அடியில், அவள் காருக்குள்ளே. அந்த வருடம் அவள் புருஷன் முகத்தைவிட அவர் காலைத்தான் அதிகம் பார்த்திருப்பாள். அடியிலிருந்து அவர் பாடுவார். இவள் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொல்வாள். பிசின் வாசனையோடு வீட்டுக்குப் போய் அதே வாசனையோடு சாப்பிடுவார்கள். அவ்வளவு சிரிப்பு பிறகு அந்த வீட்டில் கேட்கவில்லை.

ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு மெத்தை, அதைச் செய்வது அவள் வேலை. ஓட்டுபவரைக் காரில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் நுரைக் கலவையை ஊற்றினால் பத்து நிமிடத்தில் அவர் அளவுக்கு இறுகிவிடும். மூன்றாமவன் பணம் போட்டவரின் மகன். அவசரமாக வந்தவன், தடித்த அடி வைத்த ஷூவோடே பெடலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். கழற்றச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஊற்றிவிட்டாள்.

பந்தயத்தில் பல்லி ஐந்தாவதாக ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவது மணியில், அந்த மூன்றாமவன் கையில், மூன்றாவது கியர் உடைந்தது. கியர்பாக்ஸ்காரன் கவிழ்த்துவிட்டான் என்றார்கள். அவரும் அப்படியே நம்பினார். மறுவாரமே பஸ் டிப்போவில் சேர்ந்துவிட்டார், பாட்டும் நின்றது.

இரண்டு மாதம் கழித்துப் படம் எடுக்க அந்தப் பையன் பல்லியில் ஏறினான். காலில் பந்தய ஷூ, காகிதம் போல மெல்லிய அடி. கிளட்ச் பெடலை அவன் மிதித்ததை அவள் பார்த்தாள். முழுக்க இறங்கவில்லை. நாளைக்கு அவரிடம் சொல்லலாம் என்றிருந்தாள். அந்த நாளைக்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் படுக்கையறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"கியர் போனது உங்களால இல்ல."

"எனக்கு ஆறுதலெல்லாம் வேணாம்."

"ஆறுதல் இல்லங்க. அந்தப் பையனுக்கு நான் ஷூவோட அளவெடுத்துட்டேன். முதுகு மெத்தை மெலிசாப் போச்சு. ரேஸ் ஷூ போட்டதும் கால் எட்டல."

அவர் வலது கையில் நகவெட்டி அப்படியே நின்றது. இடது கால் மட்டும் தரையில் எதையோ மிதித்துப் பார்த்தது.

"எவ்வளவு கொறஞ்சுது?"

"ரெண்டு விரல் இருக்கும்."

"அப்ப கியர் மாத்துற ஒவ்வொரு தடவையும் பல்லு அரைச்சிருக்கும்," என்றார், தனக்குத்தானே. "பத்தொன்பது மணி நேரம் தாங்கியிருக்கே அது." முகத்தில் பழைய மெக்கானிக் ஒரு கணம் வந்து போனான். பிறகு அவளைப் பார்த்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

அவள் போர்வையில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றினாள். அவர் எழுந்து, வெட்டிய நகங்களைக் காகிதத்தோடு மடித்து எடுத்துக்கொண்டு அறையைவிட்டுப் போனார்.